பூச்சிய வழு

ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவனுடைய வாயிலுக்கு வருவோரில் பாதிப்பேர் நற்சான்றுப் பத்திரம் வேண்டி வருபவர்களே. மாத்தளை நகரில், கண்டியிலிருந்து 1880ஆம் ஆண்டில் வந்துசேர்ந்த புகையிரதப் பாதை முடிவடையும் நிலையத்துக்குச் சிறிது தொலைவில் இருக்கும் என் வீட்டுக்கும் அத்தகையோர் வருவதுண்டு. “இவர் என் மாணவர், நல்லொழுக்கம் உடையவர், கடமையில் தவறாதவர்” என்று எழுதி ஒப்பமிட்டுக் கொடுப்பேன். அந்தத் தாளைப் பெற்றுக்கொண்டு பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள். கடல் கடந்தும் போகிறார்கள். போகிறவர்களைத் தடுத்துக் கேள்வி கேட்பது என் வழக்கமன்று.

ஆனால் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் நனைந்தபடி வந்து நின்றவனை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அவன் இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். உயர்தர வகுப்பில் என்னிடம் பௌதிகவியல் படித்தவன். பகலில் நகரத்து மருந்துக்கடையொன்றில் வேலை செய்துகொண்டு, காலையும் மாலையும் துவிச்சக்கர வண்டியே கதியென்று வாழ்ந்தவன். மலையேற்றத்தில் அவனை முந்தியவரை நான் கண்டதில்லை.

“வெளிநாட்டு வேலைக்கு மனுப் போடப் போறேன் சேர். ஒரு சான்றிதழ் வேணும்” என்றான்.

“வண்டி?”

“விற்கப் போறேன். என் கால்ல இருந்த பலம் போயிட்டுது சேர். மெஷினே சொல்லிட்டுது.”

மருத்துவர் சொன்னார் என்றால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். யந்திரம் சொன்னது என்றதும் எழுதுகோலைக் கீழே வைத்தேன். யந்திரம் சொன்னதை நம்பி ஒரு பிள்ளையின் மனத்தை முறித்த பாவம் எனக்கே உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அவன் கூறிய செய்தி இது. வெளியூரில் உள்ள ஒரு சைக்கிள் கழகம் தை மாதத்தில் புதிய வீரர்களைத் தெரிவுசெய்ய இருந்தது. ஒருவன் 20 நிமிட நேரம் இடையறாது தரக்கூடிய சராசரி வலு எத்தனை உவாற்று என்பதே அவர்களுடைய முதற் கேள்வி. மாரிக்காலத்தில் நமது மலைப்பாதைகள் வழுக்கும். மண்சரிவு அபாயமும் உண்டு. ஆதலால் வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர், தாம் பயன்படுத்திய வீட்டுப் பயிற்சி யந்திரத்தை அவனுக்கு அனுப்பியிருந்தார். ஆவணி மாதத்தில் அந்த யந்திரம் அவனுடைய வலுவை 225 உவாற்று என்று காட்டியது. இப்போதோ, எவ்வளவு முயன்றாலும் 178க்கு மேல் ஏறவில்லை. அதுமட்டுமன்று, முழு மூச்சாக மிதிக்கும் வேளையில் மிதியின் கீழ் இருந்த தடை சட்டென மறைந்து, படி இல்லாத இடத்தில் கால் வைத்தாற் போல, பாதம் கீழே பாய்ந்தது. இரண்டு மாதம் போராடிப் பார்த்தான். பின்னர், குறை தன் உடலில்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

சான்றிதழை மறுநாள் தருவதாகச் சொல்லி, அன்றிரவே முச்சக்கர வண்டியில் அவனுடன் லயத்துக்குப் போனேன்.

அத்தகைய யந்திரத்தை வாசகர்களிற் பலர் கண்டிருக்கமாட்டீர்கள். வண்டியின் பின்சில்லைக் கழற்றிவிட்டு, சங்கிலியை யந்திரத்தின் பற்சில்லில் மாட்டவேண்டும். மிதித்தால் ஒரு பட்டி சுழன்று, பாரமான ஒரு சக்கரத்தைச் சுழற்றும். இதனைப் பறப்புச்சில்லு என்பர். ஓடும் வண்டிக்குரிய உந்தத்தைக் காலுக்கு உணர்த்துவது இதன் வேலை. அதன் அருகே மின்காந்தம் இருக்கும். சுழலும் உலோகம் காந்தப் புலத்தை வெட்டும்போது உலோகத்தினுள்ளேயே நீர்ச்சுழிகளைப் போன்ற மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவை தம்மைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்க்கின்றன. பிரான்சிய விஞ்ஞானி ஃபூக்கோ 1855இல் செப்புத் தட்டொன்றைக் கொண்டு இதனை விளக்கிக் காட்டினார். நமது பாடநூல்கள் இதனைச் சுழிப்போட்டம் என்று அழைக்கின்றன. யாதொன்றும் யாதொன்றையும் தொடாமலே பிறக்கும் தடை இது. கைப்பேசியிலுள்ள செயலி மலையேற்றத்தைப் படமாகக் காட்டும்போது காந்தச் சுருளில் ஓட்டம் கூடுகிறது. காலுக்கு மலை கனக்கிறது.

இந்த நியாயம் எங்கள் மாவட்டத்துக்குப் புதியதன்று. மகாவலியின் நீரைப் பொல்கொல்லையிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே கொணர்ந்து, உக்குவளையில் வீழ்த்திச் சுதுகங்கையில் விடுகிறார்கள். 1976 முதல் அங்கே மின்சாரம் பிறக்கிறது. நிலையத்தின் ஆற்றல் ஏறத்தாழ 40 மெகாவாற்று. அங்கே நீர், சுருள்களினிடையே காந்தத்தைச் சுழற்றி ஊருக்கு ஒளி தருகிறது. இங்கே ஒரு பிள்ளையின் கால், காந்தத்தின் முன் உலோகத்தைச் சுழற்றுகிறது. பிறந்த மின்னோட்டமோ பிறந்த இடத்திலேயே வெப்பமாகி மடிகிறது. விதி ஒன்றே. இவனைப் போன்றவர்கள் இரண்டு இலட்சம் பேர் ஒரே வேளையில் மிதித்தாற்றான் அந்த நிலையத்தின் வலுவுக்கு ஈடாகும்.

நிற்க. யந்திரத்தின் முன் அமர்ந்ததும் நான் அவனிடம் சொன்னது ஒன்றே: “தம்பி, உனக்கு இருப்பது ஒரு நோயல்ல, இரண்டு. எண் குறைவது ஒன்று. தடை மறைவது மற்றொன்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று நீ எண்ணியதுதான் முதற் பிழை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.”

தடை மறைவதை முதலில் எடுத்துக்கொண்டோம். உரமாக மிதிக்கும்போது மட்டும் அது நிகழ்வதால் பட்டி வழுக்குகிறது என்று அவன் நம்பியிருந்தான். நியாயமான ஐயமே. பட்டி தளர்ந்தாலும், அதன்மேல் எண்ணெயோ வியர்வையோ பட்டாலும் அது வழுக்கும். கீச்சொலியும் றப்பர் கருகும் நாற்றமும் வரும். யந்திரம் அசையாதிருக்கையில் பறப்புச்சில்லை நான் கையால் இறுகப் பற்றிக்கொண்டேன். அவன் மிதியை மெல்ல மெல்ல அழுத்தினான். பட்டி வழுக்குவதாயின் சில்லு நிற்க மிதி மட்டும் நகர வேண்டும். நகரவில்லை. பட்டி குற்றமற்றது.

அடுத்தது மின்சாரம். யந்திரத்துக்கு மின்னை இறக்கித் தரும் சிறு பெட்டியை, அடுத்த காம்பராவிலிருந்து இழுத்து வந்த நீட்டு வயரில் செருகியிருந்தான். அதே வயரில் ஒரு மேசை விளக்கையும் செருகச் சொன்னேன். “இப்போது உன் பலம் முழுவதையும் காட்டு” என்றேன். அவன் எழுந்து நின்று மிதித்தான். பழைய பலகைத் தளம் அதிர்ந்தது, விளக்கு இமைத்தது, அதே நொடியில் அவனுடைய கால் கீழே பாய்ந்தது. வயரின் துளைகள் தேய்ந்து, செருகி ஆடிக்கொண்டிருந்தது. அதிர்ச்சியில் தொடுகை விலகும்போதெல்லாம் காந்தம் உயிரிழந்தது. உரமாக மிதித்ததால் தளம் அதிர்ந்தது. தளம் அதிர்ந்ததால் மின் அறுந்தது. பட்டியின் குற்றம் போலத் தோன்றியது செருகியின் குற்றமாயிற்று. வேறு வயர் கொண்டுவந்து, அதனைச் சுவரோடு சேர்த்துக் கட்டினோம். அதன்பின் தடை ஒருமுறையேனும் மறையவில்லை.

காந்தம் சரியாக இருந்தும் தடை தடுமாறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கைப்பேசியும் கணினியும் ஒரே வேளையில் யந்திரத்துக்குக் கட்டளை இட்டால், இரண்டு எசமானர்களிடம் அகப்பட்ட வேலைக்காரனைப் போல அது திகைக்கும். பின்சில்லைக் கழற்றாமல் உருளையின் மேல் ஓட்டும் பழைய வகையாயின், ரயரில் காற்றுக் குறைந்தாலே வழுக்கும். இவை எவையும் இங்கே இல்லை.

அவன் முகம் மலர்ந்தது. ஆனால் எண் மலரவில்லை. மறுநாள் மாலையும் 178தான்.

இப்போது என் பாவத்தைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், செய்முறை வகுப்பில் ஒரு மாணவன் எடுத்த வாசிப்புகள் எல்லாம் பிழையாக இருந்தன. ஒவ்வொன்றும் 0.2 அம்பியர் கூடுதல். மூன்று முறை செய்வித்தேன். மூன்று முறையும் அதே பிழை. சிவப்பு மையினால் கோடிழுத்து, எல்லோர் முன்னிலையிலும், “உனக்கு விஞ்ஞானம் வராது” என்று சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. அடுத்த தவணையில் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டின் வறுமையும் ஒரு காரணம் என்று கேள்விப்பட்டேன். சில வாரங்கள் சென்றபின், ஆய்வுகூடத்தைத் துப்புரவு செய்தபோது அந்த அம்பியர்மானியைக் கையில் எடுத்தேன். மின் இணைப்பு எதுவும் இல்லாமலே அதன் முள் 0.2இல் நின்றது. பூச்சிய வழு! அந்தப் பிள்ளை தன் கண் கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தான். வாசிப்பைத் திருத்த ஒரு கழித்தல் போதும். நான் சொன்ன சொல்லைத் திருத்த எந்தக் கழித்தலும் இல்லை. அவனை நான் பின்னர் காணவேயில்லை.

ஆகவே இந்த யந்திரத்தின் முன்னும் அதே கேள்வியைக் கேட்டேன். ஆவணி மாதத்துப் பதிவுகளைக் கைப்பேசியில் காட்டச் சொன்னேன். அந்நாளில், பாட்டுக் கேட்டுக்கொண்டு இலேசாக மிதித்தபோது யந்திரம் 120 காட்டியிருந்தது. இப்போது அதே பற்சில்லில், அதே வேகத்தில், அதே நாடித்துடிப்பில் 73 காட்டியது. குறைவு 47. முழு மூச்சில் 225க்குப் பதில் 178. அங்கும் குறைவு 47! உடல் தளர்ந்திருந்தால் இலேசான மிதிப்பில் குறைவு தெரியாது. பட்டி வழுக்கினால் உரத்துக்கு ஏற்பக் குறைவு கூடும். எங்கும் ஒரே அளவு குறைவது பூச்சிய வழுவின் குணம்.

அந்த யந்திரம் வலுவை அளக்கும் விதம் இதுதான். உலோகத் துண்டொன்று காலின் விசையால் மிக நுண்ணியதாக வளைகிறது. அதில் ஒட்டப்பட்ட மெல்லிய கம்பி நீள்கிறது; நீளும்போது அதன் மின்தடை கூடுகிறது. இந்த விகாரமானி 1938ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் உருவானது. தடையின் சிறு மாற்றத்தை, உயர்தர மாணவர் அறிந்த வீற்ஸ்ரன் பாலம் வெளிப்படுத்துகிறது. அதிலிருந்து முறுக்கத்தைக் கண்டு, சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வலு கிடைக்கும். ஆனால், ‘இதுவே விசையில்லா நிலை’ என்று யாரேனும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும். அதற்காகவே, யந்திரத்தை வேகமாகச் சுழற்றிப் பின் மிதிப்பதை நிறுத்திவிட்டு, தானாக ஓய விடும் சோதனை உண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி யந்திரம் சூடேறிய பின்னரே அதனைச் செய்யவேண்டும். குளிர்ந்த நிலையில் செய்தால் உராய்வின் அளவு மாறிவிடும்.

“நீ எப்படிச் செய்தாய்?” என்று கேட்டேன்.

“ஏறின உடனே செய்வேன் சேர். நிறுத்தச் சொல்லும், நான் காலை மெதுவா சுத்திக்கிட்டே இருப்பேன்” என்றான்.

புரட்டாதியில் யந்திரத்தை இடம் மாற்றி வைத்தபோது அவன் அப்படிச் செய்திருக்கிறான். ஓயவேண்டிய வேளையிலும் கால் சிறிது தள்ளிக்கொண்டிருந்தது. அந்தச் சிறு தள்ளலையே யந்திரம் பூச்சியமென்று கற்றுக்கொண்டது. அன்று தொடங்கி அவனுடைய உழைப்பில் ஒரு பகுதியை அது கணக்கிலேயே எடுக்கவில்லை.

உடனே திருத்தியிருக்கலாம். ஆயினும் நான் திருத்தவில்லை. இரண்டு மாதம் யந்திரத்தை நம்பித் தன்னை நம்பாதிருந்த பிள்ளைக்கு, யந்திரத்தைக் கொண்டே ஆறுதல் சொல்வது பொருந்தாது. யந்திரத்தைச் சாராத சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி எங்கள் வாசலிலேயே நிற்கிறது.

மழை விட்ட ஒரு ஞாயிறு காலையில், இறத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் நோக்கி ஏறும் பாதைக்குப் போனோம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேல் முகில் படுத்திருந்தது. நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தில் சமவுயரக் கோடுகளைப் பார்த்து, ஒன்றுக்கொன்று 300 மீற்றர் உயர வேறுபாடுள்ள இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டேன். இடையே பாதை ஏறத்தாழ 5 கிலோமீற்றர். அவன் நிறை 58 கிலோகிராம், வண்டி 10, உடையும் நீர்ப்போத்தலும் 2, ஆக 70. அவன் ஏறினான். நான் நிறுத்தற் கடிகாரத்துடன் முச்சக்கர வண்டியில் பின்தொடர்ந்தேன். மேற்குறியைக் கடந்தபோது 18 நிமிடம் ஆகியிருந்தது.

பாதையோரக் கல்லில் அமர்ந்து, அவனையே கணக்கிடச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். 70ஐ 9.8ஆலும் 300ஆலும் பெருக்கினால் 2,05,800 யூல். 18 நிமிடம் என்பது 1,080 செக்கன். வகுத்தால் 190 உவாற்று.

“இது மலைக்கு மட்டும் கொடுத்தது, தம்பி. ரயரின் உராய்வுக்கு ஒரு 20, காற்றுக்கு ஒரு 20 சேர்த்துக்கொள். 230க்குக் கிட்ட வருகிறது. 20 நிமிடத்துக்குப் பதில் 18 நிமிடம் என்பதற்காக ஐந்தாறு கழித்தாலும், உன் யந்திரம் சொன்ன 178 எங்கே?”

அவன் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். உராய்வையும் காற்றையும் பற்றி யாரும் வாதாடலாம். ஆனால் 70 கிலோகிராமை 300 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுவந்தவன் அவன். அவ்வளவு வேலையும் அவன் காலன்றி வேறெதுவும் செய்யவில்லை. இதில் வாதத்துக்கு இடமில்லை. மலைக்குப் பூச்சிய வழு கிடையாது.

அன்று மாலை யந்திரத்தைக் கால்மணி நேரம் ஓட்டிச் சூடேற்றினான். பின்னர் வேகமாகச் சுழற்றி, காலை மிதியிலிருந்தே எடுத்துவிட்டு, அது தானாக ஓயும்வரை பொறுத்திருந்தான். இரண்டு நாள் இளைப்பாறியபின் 20 நிமிடம் மிதித்தான். காட்டியது 226.

இன்னொன்றையும் கண்டோம். மூடிய காம்பராவில் மிதிப்பவனுக்கு வெக்கையும் பகைதான். உண்ணும் உணவின் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே மிதியைச் சேர்கிறது. மிகுதியெல்லாம் உடலைச் சூடாக்குகிறது. பாதையில் அந்தச் சூட்டைக் காற்று கொண்டுபோகும். காம்பராவில் அது தங்கிவிடும். அது உண்மையான தளர்ச்சி, அளவுகோலின் குற்றமன்று. யன்னலைத் திறந்து ஒரு மின்விசிறி வைத்ததும் அவனுடைய நாடித்துடிப்பு இறங்கியது.

தை மாதத்தில் அவன் தெரிவுக்குப் போனான். முதற் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. மேலதிக வீரர்களின் வரிசையிற் சேர்த்துக்கொண்டார்கள். அவனைவிட வலியவர்கள் இருந்தார்கள். அதை அவன் சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். தோற்றவனுக்கு அந்தச் சிரிப்பு வருமா என்று நீங்கள் கேட்கலாம். உண்மையான எண்ணோடு போட்டியிட்டுத் தோற்றவனுக்கு வரும். தன் அளவு இது, பிறர் அளவு அது என்று அறிந்தவனுக்கு அடுத்த ஆண்டு என்பது ஒன்று உண்டு. பொய்யெண்ணை நம்பி வண்டியை விற்றவனுக்கு அது இல்லை.

வெளிநாட்டு வேலைக்கு அவன் என்றாவது ஒருநாள் போகவும் கூடும். லயத்து வீட்டின் தேவைகளை நான் அறியாதவனல்லன். போவதாயின் தன் தேவையை எண்ணிப் போகட்டும். தேய்ந்த செருகியும் தவறிய பூச்சியமும் சேர்ந்து அவனை அனுப்பிவைக்க வேண்டாம்.

நான் கேட்க விரும்புவது என் தொழிலைச் சேர்ந்த அன்பர்களிடம். வினாத்தாளும் புள்ளிப்பட்டியலும் நமது கையிலுள்ள அளவுகோல்கள். பிள்ளைகளை நாள்தோறும் அவற்றால் அளக்கிறோம். எல்லா வாசிப்பும் ஒரே அளவு குறையும்போது, பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன், முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? நான் ஒருமுறை பார்க்கத் தவறினேன். மறுமுறை பார்த்தேன்.

அவன் கேட்ட நற்சான்றுப் பத்திரத்தை அன்றே எழுதி வைத்தேன். அது இன்னமும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில், “கண்டதைக் கண்டபடி எழுதுபவர்” என்று ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கிறேன். முன்பொருவனுக்கு எழுதியிருக்கவேண்டிய வரி அது.